பழைய நாணயமும் புதிய பிணக்கும்



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கலாம். அதைத் திறந்தால் சில பொத்தான்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி, ஓடாத கைக்கடிகாரம், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பிடி பழைய காசுகள். நாலு மூலையுள்ள சதுரக் காசு ஒன்று கிடக்கும். மகுடம் தரித்த மன்னர் தலை பொறித்த வெள்ளி நாணயம் ஒன்றும் அதிர்ஷ்டம் இருந்தால் கிடக்கும்.

முன்பெல்லாம் இவற்றை விற்க வேண்டுமானால் பட்டணத்துக்குப் போய் நாணய வணிகரைத் தேட வேண்டும். அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வர வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. கைத்தொலைபேசியில் இரண்டு படம் எடுத்து இணையச் சந்தையில் போட்டால், கோத்தா பாருவில் இருப்பவரும் வாங்குகிறார், லண்டனில் இருப்பவரும் வாங்குகிறார். பணமும் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வருகிறது. “நீங்கள் அனுப்பிய காசு நீங்கள் சொன்ன காசு அல்ல. என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.”

அந்தக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

புடவை விற்கிறவருக்கும் புகார் வருகிறது, பாத்திரம் விற்கிறவருக்கும் வருகிறது. ஆனால் நாணயம் விற்கிறவருக்கு வரும் புகார் தனி ரகம். ஏன் தெரியுமா? ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு காசுகளில் ஒன்று 20 வெள்ளி பெறும், மற்றொன்று 2,000 வெள்ளி பெறும். வேறுபாடு கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இடத்தில் இருக்கும். ஆண்டில் இருக்கலாம், எடையில் இருக்கலாம், மேற்பரப்பில் யாரோ எலுமிச்சையும் சாம்பலும் போட்டுத் தேய்த்த கீறலில் இருக்கலாம்.

நம் பக்கத்துக் காசையே எடுத்துக்கொள்வோம். ரிங்கிட்டை நாம் இன்றைக்கும் ‘வெள்ளி’ என்றுதானே சொல்கிறோம்? பணம் வெள்ளிக் காசாகவே கையில் புழங்கிய காலம் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீரிணைக் குடியேற்றங்களின் ஆட்சி 1903 ஆம் ஆண்டில் தனக்கென்று ஒரு வெள்ளி டாலரை வெளியிட்டது. ஒரு பக்கம் ஏழாம் எட்வர்ட் மன்னர். அந்த முதல் நாணயங்களில் பம்பாய் நாணயச்சாலையில் அடித்து இங்கே கப்பலில் வந்தவையும் உண்டு. எடை 26.95 கிராம், நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. பிறகு வெள்ளியின் விலை ஏறிவிட்டது. காசின் முகமதிப்பைவிட அதிலுள்ள வெள்ளிக்கு மதிப்பு கூடிவிட்டால் ஜனங்கள் அதை உருக்கிவிடுவார்கள் அல்லவா? ஆகவே 1907 ஆம் ஆண்டில் நாணயத்தைச் சிறிதாக்கினார்கள். 20.21 கிராம், அதே 90 பங்கு வெள்ளி. பின்னர் 1919, 1920 ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலையோடு வந்த டாலர் 16.85 கிராம்தான். வெள்ளியும் பாதிக்குப் பாதிதான்.

டாலர் என்ற ஒரே பெயரில் மூன்று எடை. விற்கிறவர் “பழைய வெள்ளி டாலர், நல்ல நிலை” என்று மட்டும் எழுதிப் போட்டால், வாங்குகிறவர் எதை எதிர்பார்த்துப் பணம் கட்டுகிறார் என்று யாருக்குத் தெரியும்? பிணக்கு அங்கேயே விதைபோட்டு வைத்தாயிற்று.

இதை நான் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை நேயர்களே. அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

என் தகப்பனார் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவர் காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியில் 1908 என்று ஆண்டு பொறித்த ஒரு டாலர் கிடைத்தது. அவருக்கு அவருடைய தாயார், அதாவது என் ஆயா, கொடுத்தது. ஆயா அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததாக அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பெட்டியில் நாலைந்து காசு இருந்தது. எனக்கும் நாணயம் சேர்க்கும் பழக்கம் அப்போதுதான் தொற்றியிருந்தது. வேறொரு காசு வாங்கப் பணம் வேண்டியிருந்தது. இதை இணையத்தில் 150 வெள்ளிக்கு விற்றேன். பினாங்கில் இருக்கும் ஒரு சீன அன்பர் வாங்கினார்.

எட்டாம் நாள் அவரிடமிருந்து மலாய் மொழியில் ஒரு செய்தி வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். “அங்கிள், காசின் எடை 17.6 கிராம்தான் இருக்கிறது. இது அசல் அல்ல என்று நினைக்கிறேன். திருப்பி அனுப்பலாமா?” என்று கேட்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! என் ஆயாவின் காசைப் போலி என்கிறானே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உடனே உட்கார்ந்து பதில் எழுதினேன். “இது எங்கள் குடும்பத்துச் சொத்து. 60 ஆண்டுகளுக்கு மேல் எங்கள் பெட்டியில் இருந்தது. காந்தத்தில் ஒட்டவில்லை, நானே சோதித்தேன். பழைய காசு தேய்ந்து எடை குறையத்தான் செய்யும். திருப்பி எடுக்க மாட்டேன் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேன்” என்று ஒரு பாட்டம் பொழிந்து தள்ளினேன். அதோடு நிற்கவில்லை. “நீங்கள் காசை மாற்றிவிட்டு என்னை ஏமாற்றப் பார்க்கிறீர்களா?” என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் எனக்கு மறுபடி எழுதவில்லை. இணையச் சந்தையின் நிர்வாகத்திடம் முறையிட்டார். நான் எழுதிய கடிதத்தையும் அப்படியே இணைத்தார். தராசின்மேல் காசு இருக்கும் படம் அவரிடம் இருந்தது. என்னிடம் என்ன இருந்தது? கோபம் இருந்தது. நான் விற்கும்போது காசை நிறுத்துப் பார்க்கவே இல்லை. தீர்ப்பு அவர் பக்கம் போனது. பணம் போனது, இருவழித் தபால் செலவும் என் தலையில் விழுந்தது.

காசு திரும்பி வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் எனக்கு அறிமுகமான ஒரு முதிய நாணய வணிகரிடம் போனேன். என் பக்கம் நியாயம் சொல்வார் என்று நம்பித்தான் போனேன். அவர் காசை வாங்கிப் பார்த்தார், கீழே வைத்தார். பிறகு எனக்கு ஒரு பாடம் நடத்தினார். அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி அல்ல என்று சொல்லலாம். ஆனால் ஒட்டாவிட்டால் வெள்ளிதான் என்று சொல்லிவிட முடியாது. செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது, செம்பும் நிக்கலும் கலந்து செய்த உலோகமும் ஒட்டாது. போலி செய்கிறவன் இதை அறியாதவனா?

தேய்ந்து எடை குறைந்தது என்றேனே, அதற்கும் பதில் இருந்தது. இரண்டரை கிராமுக்கு மேல் தேய வேண்டுமானால் மன்னர் மூக்கும் மகுடமும் மழுங்கிப் போயிருக்க வேண்டும். விளிம்பின் வரிகள் வழுவழு என்று ஆகியிருக்க வேண்டும். என் காசிலோ எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. உருவம் தெளிவாக இருந்து எடை மட்டும் குறைந்தால், அது தேய்மானம் அல்ல, உலோகமே வேறு.

பிறகு ஒரு சிறிய கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தராசு 1.98 என்று காட்டியது. அதுதான் காசின் கன அளவு. 17.6 கிராமை 1.98 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.9 வருகிறது. நூற்றுக்கு 90 பங்கு வெள்ளியுள்ள காசென்றால் 10.3 வர வேண்டும். 8.9 என்பது செம்பு, நிக்கல் இனத்தின் கணக்கு. “தம்பி, உங்களுக்குக் காசு கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு யாரோ பொய்க் காசு கொடுத்துவிட்டார்கள்” என்றார் அந்தப் பெரியவர்.

அன்று பேருந்தில் திரும்பி வரும்போது 150 வெள்ளி போன வருத்தம் எனக்கு இல்லை. ஆயா எத்தனை நாள் கூலியைக் கொடுத்து அந்தக் காசை வாங்கினாரோ, யார் கையால் வாங்கினாரோ என்பதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உண்மை சொன்ன ஒரு மனிதரைத் திருடன் என்று எழுதிவிட்டேனே என்பதும் சேர்ந்துகொண்டது.

சரி, புகார் வந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? அன்றைக்கே பதில் எழுத வேண்டும். ஆனால் வாதாடக் கூடாது. “உங்கள் செய்தி கிடைத்தது. தராசில் வைத்த படமும், காசின் இரு பக்கப் படமும், விளிம்பின் படமும் அனுப்புங்கள். பார்த்துவிட்டு நாளைக்குள் எழுதுகிறேன்.” இவ்வளவுதான். இதில் ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. நாளை மூன்றாவது ஆள் ஒருவர் இந்தக் கடிதங்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். அவருக்கு உங்கள் ஆயாவையும் தெரியாது, உங்களையும் தெரியாது. எழுத்தும் படமும்தான் தெரியும்.

தாமதம் செய்தால் என்ன என்கிறீர்களா? ஈபே என்னும் இணையச் சந்தையில், பொருள் கைக்குக் கிடைத்து 30 நாட்களுக்குள் வாங்கியவர் முறையிடலாம். முறையீடு வந்தபின் விற்றவருக்கு மூன்று வேலை நாள்தான் தவணை. அதற்குள் பதில் இல்லாவிட்டால் நிர்வாகத்தைத் தலையிடச் சொல்லி வாங்கியவர் கேட்கலாம். திரும்பப் பெற மாட்டேன் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தாலும், பொருள் வர்ணித்தபடி இல்லையென்றால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. பேபால் வழியாகப் பணம் வந்திருந்தால் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் வரை பிணக்கைக் கிளப்பலாம். ஆறு மாதம்! ஆகவே விற்று முடிந்தது என்று படங்களை அழித்துவிடாதீர்கள். நான் ஒரு வருஷம் வைத்திருக்கிறேன்.

பேச்சு எல்லாம் அந்தச் சந்தையின் கடிதப் பகுதிக்குள்ளேயே நடக்கட்டும். “வாட்ஸ்அப்பில் பேசி முடித்துக்கொள்ளலாம், புகாரை நான் எடுத்துவிடுகிறேன், நீங்கள் பாதிப் பணம் வங்கிக்கு அனுப்புங்கள்” என்று சிலர் சொல்வார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்பவரும் உண்டு. ஆனால் நீங்கள் வெளியே பணம் அனுப்பியபின் அவர் உள்ளே முழுப் பணமும் கேட்டால், நீங்கள் கொடுத்ததற்கு அங்கே கணக்கு இல்லை. பணம் திரும்பப் போக வேண்டுமானால் வந்த வழியே போகட்டும்.

அடுத்தது, காசு திரும்பி வருவது. இதில் ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு. நான் அனுப்பிய காசுதான் திரும்பி வருகிறதா, அல்லது நல்லதை வைத்துக்கொண்டு மட்டமானதை அனுப்புகிறாரா? எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவருக்கு இது உண்மையாகவே நடந்தது. 1920 ஆம் ஆண்டு டாலர் ஒன்றை விற்றார். காசின் நிறம் பிடிக்கவில்லை என்று வாங்கியவர் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்ததும் 1920 ஆம் ஆண்டுக் காசுதான், ஆனால் நன்றாகத் தேய்ந்த காசு. நல்ல வேளையாக அந்த அம்மாள் விற்பதற்கு முன்பே நெருங்கிய படம் எடுத்து வைத்திருந்தார். மன்னர் காதுக்குப் பக்கத்தில் பிறைபோல் ஒரு சிறு வடு, விளிம்பில் ஓரிடத்தில் ஒரு நசுக்கு. மனிதருக்குக் கைரேகை எப்படியோ அப்படிப் பழைய காசுக்கு இந்த வடுக்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதும், முகவரிச் சீட்டு தெரியும்படி, இடையில் நிறுத்தாமல் கைத்தொலைபேசியில் படம்பிடித்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினார். நிர்வாகம் அவருக்கே சாதகமாக முடிவு செய்தது.

கவனித்தீர்களா? என் பிணக்கிலும் சரி, அந்த அம்மாளின் பிணக்கிலும் சரி, வெற்றி தோல்வி புகார் வந்த அன்று முடிவாகவில்லை. காசை விற்பனைக்குப் போட்ட அன்றே முடிவாகிவிட்டது.

ஆகையால் விற்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம். நகைக்கடையில் இருப்பது போன்ற சிறு மின்தராசு ஒன்று, கிராமில் நூற்றில் ஒரு பங்குவரை காட்டுவது, வாங்கி வையுங்கள். விட்டம் அளக்க ஒரு காலிப்பர், ஒரு பூதக்கண்ணாடி. மொத்தமும் பெரிய செலவில்லை, நான் இழந்த தொகையைவிடக் குறைவு. எடையையும் விட்டத்தையும் விளம்பரத்தில் எழுதுங்கள். தராசின்மேல் காசு இருக்கும் படத்தையும் போடுங்கள். எடை சரியில்லாத காசு உங்களிடமே அகப்பட்டுக்கொள்ளும். அதை விற்கவே மாட்டீர்கள்.

போலி என்ற புகாரைவிட அதிகமாக வருவது நிலையைப் பற்றிய புகார். “நீங்கள் புதுக்கருக்கு அழியாத காசு என்று சொன்னீர்கள், இது புழங்கிய காசு” என்பார். அல்லது “இதைக் கழுவியிருக்கிறார்கள்” என்பார். நாணயம் சேர்ப்பவர்களுக்குக் கழுவிய காசு என்றால் ஆகவே ஆகாது. நம் வீட்டுப் பெண்மணிகள் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் காசையும் துலக்கி வைத்துவிடுகிறார்கள். பளபள என்று இருந்தால் விலை கூடும் என்று எண்ணம். உண்மையில் விலை பாதிக்கும் கீழே போகும். காலத்தால் ஏறிய கறுப்பு நிறம் போய்விடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். கழுவிய காசு என்று தெரிந்தால் கழுவியது என்றே எழுதுங்கள். குறைந்த விலைக்கு அதை விரும்பி வாங்குகிறவரும் இருக்கிறார்.

நிலையைச் சொல்ல அமெரிக்கர் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949 ஆம் ஆண்டில் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்னும் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள், 1980களில் தொடங்கியவை, காசைப் பரிசோதித்து எண் கொடுத்துப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரையிட்டுத் தருகின்றன. விலை உயர்ந்த காசுக்கு அது செய்வது நல்லது. பிணக்குப் பாதி குறையும். பேழையையே போலியாகச் செய்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பேழையிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் 20 வெள்ளிக் காசுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? ஆகாது. அதற்கு உங்கள் கண்ணும் உங்கள் எழுத்தும்தான். “அருமை”, “அபூர்வம்”, “மியூசியத்தில் வைக்கத் தக்கது” என்றெல்லாம் எழுதாமல், “மகுடத்தின் மேல்பகுதி தேய்ந்துள்ளது, வலப்பக்க விளிம்பில் ஒரு நசுக்கு” என்று எழுதுங்கள். குறையைச் சொல்லி விற்ற காசைக் குறை சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

படம் எடுப்பதிலும் ஒரு சங்கதி. சதுரக் காசு வெண்கலம். புதிதில் செக்கச்செவேல் என்று இருந்து நாளாக ஆகப் பழுப்பாகிவிடும். மஞ்சள் விளக்கின்கீழ் படம் எடுத்தால் பழுப்பும் சிவப்பாகத் தெரியும். வாங்கியவர் கையில் எடுத்துப் பார்த்ததும் ஏமாந்ததாக நினைப்பார். நீங்கள் ஏமாற்றவில்லை, விளக்குதான் ஏமாற்றியது. ஆனால் யார் நம்புவார்? சன்னலோரத்தில் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

நிலையைப் பற்றிய புகாரில் இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும். அப்போது விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக் காசை அவரே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பல பிணக்குகள் இப்படி 10, 15 வெள்ளியில் முடிந்துவிடுகின்றன. ஆனால் போலி என்ற புகாரில் இந்தப் பேரம் கூடாது. போலிக் காசுக்குப் பாதி விலை என்று ஒன்று கிடையாது. அசலென்றால் அசல், இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். போலி என்று தெரிந்தபின் அதே காசை அடுத்தவருக்கு அசல் என்று விற்றால் அது பிணக்கு அல்ல, மோசடி. போலீஸ் வரை போகும்.

காசு வந்து சேரவில்லை என்ற புகாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடம் காட்டும் எண்ணுள்ள தபாலில் அனுப்பியிருந்தால் அந்த எண் பேசும். சாதாரணத் தபாலில் போட்டிருந்தால் நீங்கள் தோற்றீர்கள். நாணயத்தைச் சாதாரணக் கடித உறையில் போடுவதைப் பல நாட்டு அஞ்சல் விதிகள் தடுக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டும்போது காசு உள்ளே ஆடக் கூடாது. ஆடினால் இரண்டு காசும் ஒன்றோடொன்று மோதி விளிம்பு நசுங்கும். அப்புறம் அந்த நசுக்கு அனுப்பும்போதே இருந்ததா என்று ஒரு வழக்கு. மெத்தென்று வளையும் மலிவான பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்க்க வேண்டும். நாள்பட்டால் அவை காசின்மேல் பச்சைப் பசையாகப் படிந்துவிடும்.

இணையச் சந்தையில் தீராவிட்டால்? மலேசியாவில் பயனீட்டாளர் முறையீட்டு மன்றம் இருக்கிறது. 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. தொழிலாக விற்பவர்மீது வாங்கியவர் அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றங்களில் 20,000 வெள்ளி வரை வழக்காடலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. அங்கும் வக்கீல் இல்லை. நான் வியாபாரி அல்ல, வீட்டிலிருந்த ஒரு காசைத்தான் விற்றேன் என்று சொல்லித் தப்பிவிடலாமா? தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1957 ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், வர்ணித்து விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 1908 ஆம் ஆண்டு வெள்ளி டாலர் என்று எழுதினால் அது வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கே தெரியாது என்பது வருத்தத்துக்குரிய செய்தி, பதில் ஆகாது.

வேண்டுமென்றே தகராறு செய்கிறவர்களும் இல்லாமல் இல்லை. வெள்ளி விலை இறங்கிய வாரம் பார்த்துக் காசைத் திருப்பி அனுப்புகிறவர் உண்டு. வேறிடத்தில் 10 வெள்ளி மலிவாகப் பார்த்துவிட்டு, கீறல் இருக்கிறது என்று கதை கட்டுகிறவரும் உண்டு. அவர்களிடமும் அதே கடிதம்தான், அதே படங்கள்தான். கெட்டவரா நல்லவரா என்று நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை. எடை சொல்லிவிடும், வடு சொல்லிவிடும். நான் அந்தப் பினாங்கு அன்பரைத் திருடன் என்று ஊகித்த ஊகம் எப்படி முடிந்தது என்று கேட்டீர்கள்தானே.

அவருக்குப் பிறகு ஒரு கடிதம் எழுதினேன். தண்ணீர்ச் சோதனையைப் பற்றி எழுதி, நீங்கள் சொன்னதுதான் சரி, நான் எழுதியது தவறு, மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் வந்தது. “பரவாயில்லை அங்கிள். என் தாத்தா பெட்டியிலும் இப்படி இரண்டு இருந்தன” என்று எழுதியிருந்தார். அதற்குப் பின் அவரிடமிருந்து நான் மூன்று முறை காசு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பொட்டலத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், அதில் எடை எழுதியிருக்கும். நானும் ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்க்கத்தான் செய்கிறேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆயாவின் காசு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அட்டை உறையில் போட்டு, ‘1908, 17.6 கிராம், போலி, விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் போன பிறகு பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் மறுபடியும் அதை யாருக்காவது விற்றுவிடக் கூடாது அல்லவா?